வேலை தேடுவோர் திட்டத்தில் சேர்ந்த பிறகு உடம்பு எப்படி இருந்தது?

வேலை போனபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. உதவித்தொகைத் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் தூக்கம் கெட்டது. எத்தனை இடத்தில் விண்ணப்பித்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். குறைந்தால் பணம் நிற்கும். அலுவலகத்துக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு நெஞ்சு படபடக்கும். எண்ணிக்கைக்காகப் பொருந்தாத வேலைகளுக்கும் மனுப் போட வேண்டியிருக்கிறது. அத்தனைக்கும் ‘வருந்துகிறோம்’ என்று பதில் வருகிறது. இப்போது பிரஷருக்கு மாத்திரை. வேறு யாருக்காவது இப்படி?

மறுமொழி:
எனக்கு நேர்மாறுங்க. வீட்லயே கிடந்தப்போ மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டேன். காலை வகுப்புக்கு வரணும்னு திட்டத்துல சொன்னதும் குளிச்சுக் கிளம்ப ஆரம்பிச்சேன். சொல்லிக்கொடுத்தது பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா பக்கத்துல இருந்தவங்களும் வேலை போனவங்க. “இப்ப என்ன பண்றீங்க?”ன்னு கேட்க ஆளில்ல. அதுவே பாதி மருந்து.

மறுமொழி:
இப்படிப்பட்ட வகுப்புகளை நடத்தியவள் நான். இருவர் சொல்வதும் உண்மை. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற கிராமத்தில் நெசவாலை மூடியபின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 1933-இல் நூலாக வந்தது. ஆண்களின் நடையே மெதுவாகிவிட்டதாம். நேரம் கொட்டிக்கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்ததாம். ஆகவே வெளியே வரவைப்பது நல்லதுதான், மிரட்டி அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை தேடுவோருக்காக உருவான ‘ஜாப்ஸ்’ பயிற்சி ஐந்தே அரைநாள் அமர்வுகள். மறுப்பு வந்தால் எப்படித் தாங்குவது என்பதையும் முன்கூட்டியே பழக்குவார்கள். மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடியவர்களுக்குத்தான் அதில் பலன் அதிகம். பின்லாந்தில் 2017, 2018-இல் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தார்கள், எந்த நிபந்தனையும் இல்லாமல். வேலைக்குப் போனவர்கள் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அந்தப் பணம் பெறாதவர்களைவிட மனஅழுத்தம் குறைவு என்று பெற்றவர்கள் சொன்னார்கள்.

முதலில் எழுதியவருக்கு: எந்தெந்த நாளில் பிரஷர் ஏறுகிறது என்று குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் நிபந்தனையைத் தளர்த்துவார்களா என்றும் அலுவலகத்தில் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதலில் எழுதியவர்:
நன்றிம்மா. என்ன வேலை என்றுகூட டாக்டர் கேட்கவில்லை. தேதிகளைக் குறித்து எடுத்துப் போகிறேன். வகுப்பு நடக்கிறதா என்றும் விசாரிக்கணும். எனக்கு இதுவரை கணக்குக் கேட்டதோடு சரி.