5 நாளில் 200 கிலோமீட்டர்: வெவ்வேறு வேகமுள்ள ஆறு பேர் சேர்ந்து ஓடுவது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்ந்து பயிற்சி செய்துவரும் நாங்கள் ஆறு பேர், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் 5 நாளில் 200 கிலோமீட்டர் ஓடுவதென்று முடிவெடுத்திருக்கிறோம். ஆறு பேருமே முழு மாரத்தானை ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓடி முடித்தவர்கள்தாம். ஆயினும், ஒரு நாள் நெடுந்தூரம் ஓடிவிட்டு மறுநாள் காலையிலேயே மீண்டும் காலணியை மாட்டிய அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

எங்களில் வேகமானவர் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற கணக்கில் மூச்சிரைக்காமல் ஓடுவார். மெதுவாக ஓடுபவருக்கு 8 நிமிடம் ஆகும். 40 கிலோமீட்டரில் இது 80 நிமிட வேறுபாடாகிவிடுகிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமா, அல்லது அவரவர் வேகத்தில் ஓடி இடையிடையே ஒன்றுகூட வேண்டுமா? மூன்றாம் நாளில் ஒருவரால் தொடர முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது? இந்த இரண்டாவது கேள்வியைப் பேசவே எங்களுக்குள் எல்லாரும் தயங்குகிறோம். ஓட்டத்துக்கு இன்னும் 16 வாரங்கள் உள்ளன.

பதில் 1:

நண்பரே, இத்தகைய ஓட்டங்களில் மூன்று முறை பங்கேற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் 5 நாள் ஓட்டத்தின் தலையெழுத்து முதல் நாளின் முதல் 20 கிலோமீட்டரிலேயே எழுதப்பட்டுவிடும்.

என் முதல் முயற்சியில் நான் செய்த தவறு அதுதான். உடல் புத்துணர்ச்சியோடு இருந்தது, தோழர்களின் பேச்சும் உற்சாகமாக இருந்தது, திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 40 விநாடி வேகமாக ஓடினோம். மறுநாள் காலையில் நான் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. ஓடும்போது, குறிப்பாக இறக்கத்தில், தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தை எட்டும். முதல் நாள் பட்ட கடனை இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் அடைக்க வேண்டியிருக்கும். தசைகளில் சேமிப்பு எரிபொருளாக இருந்து தீர்ந்துபோன கிளைக்கோஜன் மீண்டும் நிரம்பவும், மாவுச்சத்தைப் போதுமான அளவு உட்கொண்டாலும், ஏறக்குறைய 24 மணி நேரம் தேவைப்படுகிறது. உங்களுக்கோ ஒரு நாள் ஓட்டத்துக்கும் அடுத்த நாள் ஓட்டத்துக்கும் இடையில் அவ்வளவு நேரம் கிடைக்காது.

வேக வேறுபாட்டைப் பற்றிப் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. மெதுவாக ஓடுபவர் 80 நிமிடம் கூடுதலாக ஓடுகிறார் என்பது மட்டுமன்று. அவருக்கு ஓய்வும் 80 நிமிடம் குறைகிறது. உண்பதற்கும், காலைக் கவனிப்பதற்கும், உறங்குவதற்கும் யாருக்கு அதிக நேரம் வேண்டுமோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. எனவே, மெதுவானவர்களை ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படச் செய்யுங்கள். வேகமானவர்கள் பின்னால் வந்து கடைசி 10 கிலோமீட்டருக்குள் அவர்களைப் பிடிப்பார்கள். அங்கிருந்து ஆறு பேரும் சேர்ந்தே நாளை முடிக்கலாம். அத்துடன், எந்த நேரத்திலும் எவரும் தனியாக ஓடக் கூடாது. இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். ஏற்றங்களை முதல் நாளிலிருந்தே நடந்து கடந்துவிடுங்கள்.

பதில் 2:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் பங்குக்குப் பாதங்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1986இல் தொடங்கி மொராக்கோவின் சஹாரா பாலைவனத்தில் நடந்துவரும் மாரத்தான் தெ சாப்லே, ஏறத்தாழ 250 கிலோமீட்டரைக் கட்டம் கட்டமாகக் கடக்கும் ஓட்டம். அங்கு மருத்துவக் குழுவின் பெரும் வேலைகளில் ஒன்று கொப்புளங்களைக் கவனிப்பதுதான்.

வெப்பம், ஈரம், உராய்வு மூன்றும் சேரும் இடத்தில் கொப்புளம் எழுகிறது. எழுவதற்கு முன் அந்த இடம் சற்றுச் சுடுவதுபோல் உணர்த்தும். அப்போதே நின்று, காலுறையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவதற்கு 4 நிமிடம் போதும். ஒருமுறை, தோழர்களைக் காக்கவைக்கக் கூடாதே என்று நான் 12 கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டு ஓடினேன். மாலையில் குதிகாலின் தோல் ஒரு நாணய அகலத்துக்குக் காலுறையோடு உரிந்து வந்தது. அடுத்த இரண்டு நாளும் அந்தக் காலைக் காப்பாற்ற நான் சாய்ந்து ஓடியதில் மறுகாலின் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. நான்காம் நாள் நின்றுவிட்டேன். ஆகவே, யார் நிற்க வேண்டுமென்று சொன்னாலும் முகம் சுளிக்காமல் உடன் நிற்பது என்று உங்கள் குழு இப்போதே முடிவு செய்துகொள்ளட்டும்.

நாள்கள் செல்லச் செல்லப் பாதம் வீங்கும் என்பதால், அரை அளவு பெரிய காலணி ஒன்றை அவசியம் வைத்திருங்கள். கணுக்காலின் முன்புறம் வலித்து, விரலை வைத்து அழுத்திக்கொண்டு பாதத்தை அசைக்கும்போது நறநறவென்று உணர்ந்தால், அங்குள்ள தசைநாண் அழற்சி கண்டிருக்கிறது என்று பொருள். உடனே காலணியின் நாடாவைத் தளர்த்துங்கள். மறுநாள் ஓட வேண்டாம்.

பதில் 3:

நான் ஓடுபவர்களுக்கு உதவிக் குழுவில் பணியாற்றுபவள். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே நல்லது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டம் முடிந்ததும் எடை காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தால், அல்லது தலைவலி, குமட்டல், மனக் குழப்பம் தோன்றினால், மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் இறங்கினால் அது தசைச் சிதைவின் அறிகுறி; அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பதால், ஓடும் நாள்களில் அவற்றைத் தொடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை நேற்று குழுவினரிடம் வாசித்துக் காட்டினேன். நாங்கள் தவிர்த்துவந்த பேச்சு அதன்பின் தானாகவே நடந்தது. தொடரலாமா வேண்டாமா என்பதை வலியில் இருப்பவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்றும், மற்றவர்களில் இருவர் நிற்கச் சொன்னால் அவர் நின்றுவிட வேண்டும் என்றும், நிற்பவர் வண்டியில் முன்னே சென்று அடுத்த இடத்தில் தண்ணீரோடு காத்திருப்பார் என்றும் முடிவு செய்தோம். எங்களில் மெதுவாக ஓடுபவர், தம்மால் மற்றவர்களுக்குத் தாமதமாகுமே என்று இத்தனை நாள் அஞ்சியதாக அப்போதுதான் சொன்னார். பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது என்றும் சொல்ல முடியுமா?

பதில் 1:

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு நாள்கள் நீண்ட ஓட்டம் ஓடுங்கள்: முதலில் 20, 15 கிலோமீட்டர் என்று தொடங்கி, படிப்படியாக 30, 25 வரை கொண்டுசெல்லலாம். நான்கு வாரம் இருக்கும்போது ஒரே ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து ஓடிவிட்டு, அதன்பின் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த மூன்று நாளிலும், ஓட்டத்தன்று அணியப்போகும் அதே காலணி, அதே காலுறை, அதே பையோடு, முன்னும் பின்னுமாகப் புறப்படும் முறையையும் ஒத்திகை பார்த்துவிடுங்கள். உங்கள் தோழரிடம், பின்னால் வருபவர்கள் எந்தக் கிலோமீட்டரில் அவரைப் பிடித்தார்கள் என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள்; புறப்படும் நேர இடைவெளியை அதைக் கொண்டே சரிசெய்துகொள்ளலாம்.