உள்ளே போன தண்ணீர் வெளியே வராத ராத்திரி

அம்மாவுக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலைக்காக, வயிற்றில் வைத்த குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து உடம்பின் கழிவோடும் அதிகப்படி நீரோடும் வெளியே வடிப்பது. ஒரு நாளைக்கு நான்கு பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர், காலையும் ராத்திரியும் நான் மாற்றுவேன், நடுவில் இரண்டும் என் மனைவி. பயிற்சியின்போது கை கழுவுவது, மாஸ்க், ஃபேனை நிறுத்துவது எல்லாம் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. ட்ரெயின், அதாவது உள்ளே விட்ட தண்ணீரை வடிப்பது, சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்றும் சிஸ்டர் சொல்லியிருப்பார், நான்தான் காதில் வாங்கவில்லை போல.

போன மாதம் ஒரு நாள் மதியம் 1,700 மில்லிதான் வெளியே வந்தது. வழக்கமாக 2,200 வரும். சரி, அடுத்த தடவை சேர்த்து வந்துவிடும் என்று நினைத்து முழுப் பையையும் உள்ளே விட்டுவிட்டோம். தப்பு அங்கேதான். ராத்திரி ட்ரெயின் போட்டால் சொட்டுச் சொட்டாக வருகிறது, வழக்கமாக இருபது நிமிடத்தில் முடிகிற வேலை ஒரு மணி நேரம் ஆகியும் 1,400-ஐத் தாண்டவில்லை, அம்மா வேறு வயிறு கல்லு மாதிரி இருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். கிளாம்ப் திறந்திருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பாவாடை நாடா அழுத்துகிறதா என்று பார்த்தேன், பையைத் தரையில் வைத்து அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்தேன், இடப்பக்கம் வலப்பக்கம் புரட்டினேன், எழுந்து நிற்கச் சொன்னேன். கொஞ்சம் வரும், நின்றுவிடும்.

பதினோரு மணிக்கு சிஸ்டருக்குப் போன் செய்தேன். பாவம், தூக்கத்தில் எடுத்தார். இப்போதைக்குப் புதுப் பை விடாதீங்க என்று சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?" எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால் தயங்கித் தயங்கி மூன்று நாள் என்கிறார். மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்திருக்கிறார்!

கதீட்டரின் (வயிற்றில் வைத்த குழாயின்) நுனி அடிவயிற்றில், குடலை ஒட்டித்தான் கிடக்கிறதாம். மலம் இறுகி நின்றால் குடல் அதை நெருக்கிவிடும், குழாயின் ஓட்டைகள் அடைபட்டுவிடும். உள்ளே போகும்போது மேலே தொங்குகிற பையின் வேகத்தில் போய்விடும், வெளியே வரும்போதுதான் வம்பு. யோசித்தால் மலச்சிக்கல் வராமல் இருந்தால்தான் அதிசயம். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும், பொட்டாசியம் என்று பழம், கீரை எல்லாம் குறைத்தாகிவிட்டது, இரும்புச்சத்து மாத்திரை, பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரை இரண்டுமே வயிற்றைக் கட்டும். மலத்தை இளக்குகிற லாக்டுலோஸ் சிரப் கொடுக்கச் சொன்னார். காலையில் இரண்டு தடவை போனார், அதற்கப்புறம் போட்ட ட்ரெயினில் உள்ளே தங்கியிருந்ததும் வந்துவிட்டது. இப்போது உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று எழுதுகிற நோட்டில் வெளிக்குப் போனாரா என்பதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள்.

*

தம்பி, எனக்கு அப்படி லேசாக முடியவில்லை. பேதி மருந்து எடுத்தும் தண்ணீர் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கீழே இருக்க வேண்டிய நுனி மேலே ஏறி விலா எலும்புப் பக்கம் போய் நிற்கிறது. குடல் சுத்தமாகி அது அசைந்தால் தானாகவே இறங்கவும் வாய்ப்பு உண்டு என்று இன்னும் சில நாள் மருந்து கொடுத்தார்கள், நடக்கச் சொன்னார்கள். இறங்கவில்லை. கடைசியில் லேப்ரோஸ்கோப்பி (சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்கிற ஆபரேஷன்) செய்துதான் சரியான இடத்தில் வைத்தார்கள். அது ஆறும் வரைக்கும் கழுத்தில் குழாய் போட்டு ரத்த டயாலிசிஸ். ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீங்க, தண்ணீர் குறைந்த அன்றைக்கே போன் பண்ணுங்க.

*

அண்ணா, எங்கள் அப்பாவுக்கு அடைத்தது வேறு. பையில் வெள்ளையாகச் சேமியாத் துண்டு மாதிரி மிதந்தது, ஃபைப்ரின் என்றார்கள், ரத்தம் உறையும்போது உண்டாகிற நார் மாதிரியான புரதமாம். டாக்டர் சொன்ன அளவில் பைக்குள் உறையாமல் தடுக்கிற ஹெபாரின் ஊசி போட்டோம், இரண்டு நாளில் சரியானது. நீங்களாகப் போட்டுவிடாதீர்கள், அளவு அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நூல் வேறு, கலங்கல் வேறு. ஆறு மாதம் கழித்து ஒரு காலை வந்த தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. நல்ல தண்ணீர் என்றால் பைக்குப் பின்னால் பேப்பரை வைத்து எழுத்தைப் படிக்கலாம், அன்றைக்கு எழுத்தே தெரியவில்லை. அப்பாவுக்கு வலிகூடப் பெரிதாக இல்லை, சாயங்காலம் போகலாம் என்றார். நான் விடவில்லை, அந்தப் பையையே தூக்கிக்கொண்டு போனோம். அந்தத் தண்ணீரில் மைக்ரோலிட்டருக்கு வெள்ளணு 100-க்கு மேல் இருந்தாலே தொற்று என்று சந்தேகப்படுவார்களாம், அப்பாவுக்கு 1,800. ஆன்டிபயாட்டிக்கைப் பையில் கலந்தே உள்ளே விட்டார்கள். பிழைத்தார்.

*

நான் ராத்திரி மெஷினில் போடுகிறவன், தூங்கும்போது தண்ணீரை விடுவதும் வடிப்பதும் மெஷினே செய்யும். ட்ரெயின் அலாரம் அடித்தால் பத்தில் எட்டுத் தடவை நான்தான் குழாய் மேல் புரண்டு படுத்திருப்பேன், மனைவிக்கும் தூக்கம் போச்சு. எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது, ட்ரெயின் முடிகிற நேரத்தில் உள்ளே யாரோ உறிஞ்சி இழுக்கிற மாதிரி ஒரு வலி. வயிறு காலியாகும்போது குழாயின் நுனி குத்துவதால் வருவதாம். ஒவ்வொரு தடவையும் முழுதாக வடிக்காமல் கொஞ்சம் மிச்சம் விடுகிற மாதிரி மெஷினை மாற்றிக் கொடுத்தார்கள், வலியும் அலாரமும் பாதிக்கு மேல் குறைந்தது.

*

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை 2,250. பேப்பரை வைத்துப் பார்த்தேன், பொடி எழுத்து விளம்பரம்கூடத் தெரிந்தது. அம்மாவிடம் இப்போது நான் கேட்பதில்லை, மருமகள் கேட்டால் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார்.