பதில்: ‘ரோல்ஓவர்’ என்பதற்கு ‘உருள்விசை’ சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

> ரோல்ஓவர் = உருள்விசை. சுருக்கமாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

சுருக்கம்தான். ஆனால் ஒரு விசையிலிருந்து விரல் எழுமுன் அடுத்ததை அழுத்துகிற இந்தத் தட்டச்சுப் பழக்கத்தில் உருளுவது எது? விசை மேலும் கீழும் போய் வருகிறது, அவ்வளவுதான். ஆங்கிலக்காரன் ‘ரோல்’ என்று வைத்ததற்கு அவனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதை நாங்களும் தோளில் போட்டுக்கொண்டு திரியத் தேவையில்லை. ரைப்பிங் பழக வரும் பிள்ளையிடம் ‘உருள்விசை’ என்று சொல்லிப் பாருங்கள். மவுஸின் நடுவில் இருக்கும் உருளையைத்தான் தொட்டுக் காட்டும்.

நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். தமிழ்99 விசைப்பலகையில் ‘படம்’ என்று அடிக்கிறீர்கள். ப-வை அழுத்திய விரல் மேலே வருமுன்னமே ட கீழே போய்விடுகிறது. ட எழும்புமுன் ம விழுகிறது. ஒவ்வொரு இடத்திலும் கண நேரத்துக்கு இரண்டு விசைகள் கீழே கிடக்கின்றன. கணினி எழுத்தை எடுப்பது விசை விழுகிற ஒழுங்கில், எழும்புகிற ஒழுங்கில் அல்ல. அதனால் ‘படம்’ குழம்பாமல் ‘படம்’ என்றே வருகிறது. நன்னூல் படித்தவர்களுக்கு நிலைமொழி, வருமொழி தெரியும். அதே போக்கில் முதல் விசையை நிலைவிசை என்றும் அடுத்ததை வருவிசை என்றும் சொன்னால் விளக்கம் ஒரு வரியில் முடிந்துவிடும்: நிலைவிசை எழுமுன் வருவிசை விழுவது.

இதற்கு ஏன் இத்தனை மினக்கேடு என்று ஒருவர் கேட்டிருந்தார். 2018இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து, 168,000 பேர் இணையத்தில் ஆங்கிலம் அடிப்பதைப் பதிந்து ஆராய்ந்தன. 13 கோடியே 60 இலட்சம் தட்டுகள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொல். வகுப்புக்குப் போனவர்களும் தாங்களாகப் பழகியவர்களும் வேகத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றார்கள் (இந்த இழையில் இருக்கும் ரைப்பிங் ரீச்சர் கோபிக்கக் கூடாது). வேகக்காரரைப் பிரித்துக் காட்டிய பழக்கங்களில் முன்னுக்கு நின்றது இந்த ரோல்ஓவர்தான். இவ்வளவு முக்கியமான பழக்கத்துக்குத் தமிழில் பெயரில்லாவிட்டால் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அந்த 52ஐத் தமிழோடு பொருத்திப் பார்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகக் கணக்கில் ஐந்து தட்டு ஒரு ‘சொல்’. ‘யாழ்ப்பாணத்திலிருந்து’ என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ்99இல் 18 தட்டு வேண்டும். எங்கள் பிள்ளைகளின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று அளப்பதுதான் நியாயம்.

சொல்லைத் தேடும்போது இடறுகிற இடம் வேறொன்று. ஆங்கிலத்தில் ரோல்ஓவர் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று மேலே சொன்ன விரற்பழக்கம். மற்றது விசைப்பலகைப் பெட்டியில் ‘சிக்ஸ் கீ’ (6-key), ‘என் கீ’ (N-key) என்று அச்சடித்திருப்பது. ஒரே நேரத்தில் எத்தனை விசை வரை அழுத்தினால் பலகை தவறாமல் எடுக்கும் என்ற கணக்கு அது. ஆளின் திறமைக்கும் பொருளின் திறனுக்கும் அவர்களிடம் ஒரே பெயர். நாங்கள் இரண்டாகப் பிரித்தால் என்ன குறைந்துவிடும்?

பலகையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி இல்லை. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, வெட்டும் இடமெல்லாம் ஒரு விசை. ஒரு நீள்சதுரத்தின் மூன்று மூலையில் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்தினால், தொடாத நான்காம் மூலையும் அழுத்துப்பட்டது போல் மின் ஓடும். அந்த இல்லாத எழுத்து வராமல் தடுக்க, மலிவுப் பலகைகள் மூன்றாவது விசையையே எடுக்காமல் விட்டுவிடுகின்றன. மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட்டை விசைக்கு ஒன்றாகப் போட்ட பலகையில் இந்தத் தொல்லை இல்லை. கடையில் வாங்குமுன் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு பக்க ஷிஃப்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்து முழுவதையும் அடித்துப் பாருங்கள். சில எழுத்து விழாவிட்டால் எந்தப் பலகை என்று விளங்கிவிடும். ஆனால் சாதாரண தட்டச்சில் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இரண்டு விசை, மிஞ்சினால் மூன்று. பல வண்ண விளக்கு எரிகிற விளையாட்டுப் பலகையை வாங்கித் தரச்சொல்லி நிற்கும் மகனுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தப் பொருளுக்கு என் பரிந்துரை ‘விசைத்தாங்கல்’. இருவிசைத் தாங்கல், அறுவிசைத் தாங்கல், முழுவிசைத் தாங்கல். அறுசுவை இருக்கும் மொழியில் அறுவிசை ஒட்டாமல் போகாது.

விரற்பழக்கத்துக்குத்தான் பாடு. இழையில் வந்தவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ‘முந்துவிசை’ என்றால் எழுத்து இடம்மாறி விழுகிறது என்று நினைப்பார்கள், அது பிழை, இது திறமை. ‘அடுக்குவிசை’ நல்ல சொல், ஆனால் ஆறடுக்கு விசைப்பலகை என்றால் மாடிவீடு மாதிரி இருக்கும். ‘விசைக்கோப்பு’, ‘விசைக்கோவை’ இரண்டும் கோத்தல் என்ற அழகான வினையில் பிறந்தவை. எங்கள் கந்தோர்களில் கோப்பும் கோவையும் ஃபைல் ஆகி எத்தனையோ காலம். ‘விசைப்புணர்ச்சி’ இலக்கணப்படி பிழையே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் போய் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

நான் முன்வைப்பது ‘பின்னுதட்டல்’. கிடுகு பின்னுகிற கையைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஓர் ஓலையை விடுமுன் மற்றதை எடுத்து மேலும் கீழுமாகப் போட்டுக்கொண்டே போகும். வினையாகவும் சொல்லலாம்: ‘அவள் பின்னித் தட்டுறாள்’, ‘நீ இன்னும் பின்னப் பழகேல்லை’. வாயில் வராத கலைச்சொல் கொப்பியோடு நின்றுவிடும்.

இந்தச் சொல் கையில் இருந்தால் விசைப்பலகைகளை ஒப்பிடுவதும் சுலபம். தமிழ்99இல் உயிர்கள் இடக்கையில், மெய்களில் பெரும்பகுதி வலக்கையில் (கீழ்வரிசையில் வ-வும் ங-வும் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டன). மெய், உயிர், மெய் என்று வரும்போது கை மாறி மாறி விழுவதால் பின்னல் தானாக அமைகிறது. ஒற்று இரட்டிக்கும் இடத்தில் கதை வேறு. ‘பக்கம்’ அடிக்க ப, க, க, ம, புள்ளி என்று ஐந்து தட்டு. க-வை இரண்டு தரம் அடித்தாலே முதல் க-வுக்குப் புள்ளி விழும். பாமினி விசைப்பலகையில் க, புள்ளி, க என்று போகவேண்டும், மொத்தம் ஆறு. ஒரு தட்டு மிச்சம் என்று தமிழ்99காரர் மகிழலாம். ஆனால் ஒரே விசையை எழும்பவிடாமல் இரண்டாம் தரம் விழுத்த ஏலாது, ஆகவே அந்த இடத்தில் பின்னல் அறுகிறது. பாமினியில் புள்ளி நடுவில் விழும் நேரத்தில் க-வின் விரல் எழும்பி அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடும். அதற்கு விலை வலக்கைச் சின்னவிரல். அரைப்புள்ளி விசையில் நாள் முழுக்கப் புள்ளி குத்துவது அதன் தலையில்தான். தமிழ்99இல் புள்ளி இடக்கைச் சுட்டுவிரலுக்கு வந்தது பெரிய நிம்மதி.

ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கிறவர்களுக்குப் பின்னல் எதிரியாகிற இடமும் உண்டு. ண, ள, ற எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட். ‘பணம்’ அடிக்கும்போது பெரிய ‘என்’னுக்காக அழுத்திய ஷிஃப்ட் எழும்புமுன் ‘ஏ’ விழுந்தால், அது பெரிய ‘ஏ’யாகி ‘பணாம்’ வந்து நிற்கும். இந்தப் பிழைக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘ஷிஃப்ட் ஒட்டல்’ என்று இப்போதைக்குச் சொல்கிறேன். தமிழ்99இல் ஷிஃப்ட் கிரந்தத்துக்கும் ஆய்தத்துக்கும் மட்டும் என்பதால் அது அங்கே அரிதாகத்தான் நடக்கும். புதிதாகப் பழக வருபவர் எந்தப் பலகையைப் பழகுவது என்று கேட்டால் நான் தமிழ்99 என்று சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். தட்டு மிச்சம் எல்லாம் பிறகு.

அன்புடன்,
யாழ்ப்பாணம், திருநெல்வேலியிலிருந்து

*

பதில்: ‘ரோல்ஓவர்’ என்பதற்கு ‘உருள்விசை’ சரிவருமா?

தம்பி,

கோபமில்லை. வகுப்புக்கு வந்தவர்களும் வராதவர்களும் ஒன்று என்கிற அந்த ஆய்வில், பாமினியில் பார்க்காமல் அடித்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுச் சொல்லும்.

நாங்கள் ரைப்ரைட்டரில் பழக்கியது இதற்கு நேர்மாறு. ஒரு விசையை அடித்தவுடன் விரலை எடுத்துவிட வேண்டும். நெருப்பைத் தொட்டது போல என்று சொல்வோம். முதல் அச்சுக்கம்பி திரும்பி விழுமுன் அடுத்தது எழும்பினால் இரண்டும் தாளுக்கு முன்னால் மோதிக் கொளுவிக்கொள்ளும். கையை விட்டுப் பிரிக்க வேண்டும், விரலெல்லாம் மை. அங்கே பின்னினால் வேலை நின்றுவிடும். அந்தப் பழக்கத்தோடு கணினிக்கு வந்த என் வயதுக்காரர் பலர் இன்னமும் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவது இதனால்தான். உம்முடைய சொல்லால் எனக்கு அது இன்றைக்குத்தான் தெளிவாக விளங்கியது.

பெயர் வைக்கும் விதத்திலும் உம்மோடு நிற்கிறேன். தமிழ் ரைப்ரைட்டரை அமைத்த ஆர். முத்தையா எங்கள் சுண்டுக்குளியில் பிறந்தவர். புள்ளியை அடித்தால் தாளைப் பிடித்திருக்கும் வண்டி நகராது, பிறகு எழுத்தை அடிக்க, அது புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட விசைக்கு ‘டெட் கீ’ என்று பெயர். தமிழில் ‘நகரா விசை’ என்கிறோம். செத்த விசை என்று மொழிபெயர்க்காமல் அது செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பெயர்.

இரண்டு திருத்தம். கீழே ஒருவர் ‘பின்னுத்தட்டல்’ என்று ஒற்றுப் போட்டு எழுதியிருக்கிறார். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. வலி மிகாது. மற்றது, தொடங்குகிற பிள்ளைக்கு இதைப் பழக்க வேண்டாம். விசையின் இடம் விரலுக்குத் தெரிந்த பிறகு பின்னல் தானாக வரும். முதல் நாளே பின்னச் சொன்னால் எழுத்தும் பிழை, விரலும் நோவு.

கோப்பாய்

*

பதில்: ‘ரோல்ஓவர்’ என்பதற்கு ‘உருள்விசை’ சரிவருமா?

அண்ணை, ரீச்சர், இரண்டு பேருக்கும் வணக்கம். நான் கொமினிகேசன் கடையிலை பாமினியிலை அடிக்கிறனான். ஷிஃப்ட் ஒட்டல் எங்களுக்கும் இருக்கு. பாமினியிலை உகர எழுத்தெல்லாம் ஷிஃப்டிலைதானே. ‘வரும்’ எண்டு அடிக்கேக்கை ‘ரு’வுக்குப் பிடிச்ச ஷிஃப்டை விடமுதல் ‘ம’ விழுந்தால் அது ‘மு’ ஆகிடும். அந்தியேட்டிக்கு முதல்நாள் இரவு கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கேக்கை இதுதான் கனக்க வாறது. பக்கம் பக்கமாய்த் தேடித் திருத்தவேணும்.

தமிழ்99க்கு மாறச் சொல்லி எல்லாரும் சொல்லுறியள். மாறினால் கொஞ்சக் காலம் கை மெதுவாய்த்தான் போகும். அந்த நேரத்திலை வாற வேலையை ஆர் முடிக்கிறது? எனக்கு இப்ப இருக்கிற பலகையிலை பின்னினாலே காணும்.

சொல்லைப் பற்றி ஒரு ஐமிச்சம். ‘பின்னு’ எண்டு பாக்கேக்கை முதலிலை ‘பின்’ எண்டுதான் கண் வாசிக்குது. பேக்ஸ்பேஸைப் பின்நகர்த்தி எண்டு போட்டிருக்கிற பட்டியலிலை இதுவும் பக்கத்திலை வந்தால் குழம்பாதோ?

*

பதில்: ‘ரோல்ஓவர்’ என்பதற்கு ‘உருள்விசை’ சரிவருமா?

தங்கச்சி கேட்டது நியாயம். அகரவரிசையில் ‘பின்நகர்த்தி’க்குக் கிட்டத்தான் ‘பின்னுதட்டல்’ வரும். ‘பின்னற்தட்டல்’ என்று மாற்றிப் பார்த்தேன், வாய்க்குள் கல் போட்ட மாதிரி இருக்கிறது. தலைப்புச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘பின்னித் தட்டுதல்’ என்ற வினைவடிவத்தையும் போட்டுவிட்டால் மயக்கம் தீரும் என்று நினைக்கிறேன். பலகை மாற்றுவது பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். நான் சொன்னது புதிதாகத் தொடங்குகிறவருக்கு. பாமினியில் கை ஓடுகிறவர் ஷிஃப்ட் வரும் இடத்தில் மட்டும் பின்னாமல் விட்டுப் பழகினால், ‘வருமு’ பாதியாவது குறையும்.

பயிற்சிக் கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

பின்னுதட்டல் (பின்னித் தட்டுதல்): நிலைவிசை எழுமுன் வருவிசையை விழுத்தித் தட்டும் முறை. விசைகளின் இடம் விரலுக்குப் பழகிய பின் பயில்க.

விசைத்தாங்கல்: ஒரே நேரத்தில் அழுத்தப்படும் விசைகளில் எத்தனையை விசைப்பலகை தவறாது ஏற்கும் என்ற அளவு. எ-டு: அறுவிசைத் தாங்கல்.

ஷிஃப்ட் ஒட்டல்: ஷிஃப்ட் விசை எழுமுன் அடுத்த எழுத்து விழுவதால் வரும் பிழை. எ-டு: பணம் – பணாம்.

பின்னுதட்டலின் இரண்டாம் வரி ரீச்சருக்காகச் சேர்த்தது. ‘ஷிஃப்ட்’டுக்கு இங்கே தமிழ் தேட நான் வரவில்லை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தொடாத நான்காம் மூலை விழுவதற்கு ஒருவர் ‘பேய்விசை’ என்றும் இன்னொருவர் ‘பொய்விசை’ என்றும் சொன்னார்கள். எனக்குப் பொய்விசை பிடிக்கிறது, பிள்ளைகள் பேய்விசையைத்தான் எடுப்பார்கள். அதையும் ‘விசைத்தாங்க’லையும் பற்றி மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள். கையேடு அச்சுக்குப் போகும்வரை திருத்தலாம்.