புதுப்பிப்பு: தறிக்குத் திரும்பிய பிறகு

எனக்குக் காசநோய் என்று தெரிந்ததும், செல்லூரில் நான் வேலை பார்க்கும் தறிப்பட்டறையில் குடிநீர்ப் பானைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதை முன்பு எழுதியிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டதால் இது.

ஆறு மாத மாத்திரை சென்ற வாரம் முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. (முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு பதறினேன், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்தான்.) 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட காசநோயாளிகளுக்கான அரசின் மாதாந்திர ஊட்டச்சத்து உதவித்தொகை முட்டைக்கும் பயறுக்கும் உதவியது; இழந்த கூலிக்கு அது ஈடாகாது.

திரும்பிய அன்று, என் எவர்சில்வர் தம்ளரின் அடியில் சிவப்பு நகச்சாயத்தால் புள்ளி வைத்து, அடைத்துக் கிடக்கும் சன்னலின் திட்டில் தனியே கவிழ்த்திருந்தார்கள். இந்நோய் இருமும்போது காற்றின் வழியே பரவுமே தவிர தம்ளரிலும் தட்டிலும் ஒட்டாது என்றும், முறையான சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடம் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும் என்றும் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து விளக்கினார். முதலாளி தலையாட்டினார். காற்றே வராத அறையில் பத்துப் பேரை உட்கார வைத்திருப்பதுதான் தம்ளரைவிட ஆபத்து என்பது என் எண்ணம். அந்தச் சன்னலை இன்னும் யாரும் திறக்கவில்லை.

அடுத்த தறி அண்ணன் மட்டும் மறுநாள், “இந்தா தம்பி” என்று தன் தம்ளரிலேயே தேநீரை ஆற்றிக் கொடுத்தார். நேற்று இன்னொருவர் என்னைத் தனியே அழைத்து, மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை, சளியை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டார். யாரிடமும் சொல்லிவிடாதே என்றும் சொன்னார்.