இரண்டு ‘மன்சானா’ தள்ளி: ஸ்பெயினில் ஆப்பிளால் குழம்பியவர்கள் சொல்லுங்கள்

ஊர்சுற்றி:
மாட்ரிட் போன இரண்டாம் நாள். மருந்துக்கடை எங்கே என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். “நேரே இரண்டு மன்சானா” என்று கையை நீட்டினார். மொழி கற்கும் செயலியில் நான் படித்த முதல் பழமே மன்சானாதான், ஆப்பிள். சரி, வழியில் பழக்கடை இருக்கும் போல என்று தேடிக்கொண்டே நடந்து மருந்துக்கடையைத் தாண்டிவிட்டேன். நாலு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டட வரிசைக்கும் அங்கே அதே பெயராம்!

லத்தீனில் ஆப்பிள் ‘மாலும்’. அதில் ஒரு ரகம் ‘மாலா மாத்தியானா’. சீசரின் நண்பர் மாத்தியுஸ் பெயரால் வந்தது என்பார்கள். ஸ்பானியர்கள் பழத்தின் பெயரை உதிர்த்துவிட்டு ரகத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள். நாம் “மல்கோவா என்ன விலை?” என்று கேட்பதில்லையா, அப்படி. போர்ச்சுக்கீசியரின் ‘மஸான்’ இதன் உடன்பிறப்பு. இத்தாலியரின் ‘மேலா’, ருமேனியரின் ‘மர்’ எல்லாம் பழைய மாலும் வழி.

கடலோடி:
பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி புதுப்பித்துக் கட்டிய காசா பத்யோ என்ற வீடு இருக்கும் வரிசைக்கு ‘மன்சானா தெ லா திஸ்கோர்தியா’ என்று பெயர். போட்டி போட்ட கட்டடக் கலைஞர்களின் வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சண்டைக்கார வரிசை என்றும் படிக்கலாம், டிராய் போருக்கு வித்திட்ட கிரேக்கக் கதையின் ஆப்பிள் என்றும் படிக்கலாம். நான் தங்கியிருந்த வீட்டுக்காரரிடம் இதை ரசித்துச் சொன்னேன். அவர் கட்டலான் மொழிக்காரர், சிரிக்கவே இல்லை. அவர் மொழியில் கட்டட வரிசை ‘இல்யா’, அதாவது தீவு. ஆப்பிள் ‘பொமா’. சிலேடை ஸ்பானிய மொழியோடு சரி. பொமாவும் பிரெஞ்சு ‘பொம்’மும் லத்தீன் ‘போமும்’ என்பதிலிருந்து வந்தவை. லத்தீனில் அது எந்தப் பழத்துக்கும் பொது.

வயிற்றுவலிக்காரன்:
என் கதை செவியாவில். வயிறு சரியில்லை, சீமைச்சாமந்தி டீ குடி என்றார்கள். அதற்குப் பெயர் ‘மன்சானியா’, குட்டி ஆப்பிள். பூவில் ஆப்பிள் வாசம் அடிக்கும், அதனால். சாயங்காலம் ஒரு பாரில் நுழைந்து “உனா மன்சானியா” என்றேன். ஒல்லியான கிளாசில் ஜில்லென்று வெள்ளை ஒயின் வந்தது! சான்லூக்கர் ஊர் ஒயினுக்கும் அதே பெயர். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பசி என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கிண்ணம் பச்சை ஆலிவ் கொண்டுவந்து வைத்தார். இது என்ன என்று கேட்டேன்.

“மன்சானியா.”