நெடுந்தூர ஓட்டத்தின் சந்தோஷம்: உடம்பு தருவதா, நாமே கற்பித்துக்கொள்வதா?

வைகைக்கரை:
யாரைக் கேட்டாலும் "பத்து கிலோமீட்டர் ஓடிப் பார், எண்டார்ஃபின் சுரக்கும், கவலையெல்லாம் பறந்துவிடும்" என்கிறார்கள். எண்டார்ஃபின் என்பது வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் ஒரு பொருள், ஆனால் பெரிய மூலக்கூறு. ரத்தத்தில் எவ்வளவு ஏறினாலும் மூளைக்குள் எளிதில் நுழையாது. அப்படியென்றால் இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? விடியற்காலைக் காற்று, கூட ஓடும் நண்பர்கள், முடித்துவிட்டோம் என்ற திருப்தி, அப்புறம் ஒரு ஃபில்டர் காபி. இதையெல்லாம் ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பதுதான் என் கட்சி.

அதிகாலை:
எண்டார்ஃபின் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது போனால் சந்தோஷமும் கூடவே போய்விடாது. ஜெர்மனியில் 63 பேரை 45 நிமிடம் ஓடவும் நடக்கவும் வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. எண்டார்ஃபின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை சிலருக்கு, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. நால்ட்ரெக்ஸோன் போட்டவர்களுக்கும் ஓடிய பிறகு உற்சாகம் கூடியது, பதற்றம் குறைந்தது. நடந்தபோது அந்த அளவுக்கு இல்லை. ஓட்டத்துக்குப் பின் ரத்தத்தில் ஏறியிருந்தது எண்டோகன்னாபினாய்டு. உடம்பே தயாரிப்பது, மூளையில் கஞ்சா போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டுவது. கொழுப்பில் கரையும் என்பதால் மூளைக்குள் போக அதற்குச் சிரமமில்லை.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் எனக்கு முதல் இரண்டு கிலோமீட்டர் வேதனைதான். மூச்சு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இழுக்கும். அரை மணி நேரம் தாண்டினால் மூன்று எட்டுக்கு ஒரு மூச்சு என்று தானாக அமைந்துவிடும். தோள் இறங்கும், ஆபீஸ் நினைப்பு அறுந்துபோகும். நான் தனியாகத்தான் ஓடுகிறேன் சார். அந்த நேரத்தில் நண்பர்களும் இல்லை, காபியும் இல்லை.

வைகைக்கரை:
சரி, உற்சாகம் இருக்கட்டும். ஆரோக்கியத்துக்கு ஓட்டம்தான் வேண்டுமா? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஓட்டக்காரர்களையும் நடையாளர்களையும் ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வந்தது. செலவழித்த சக்தி சமமாக இருந்தால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை நோய் மூன்றுக்கும் நடையே கிட்டத்தட்ட அதே பலன் தருகிறது. முழங்காலும் தப்பிக்கும்.

பிசியோ அக்கா:
முழங்காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3. மூட்டு நல்லபடியாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் "ஓடினால் முட்டி தேயும்" என்று பொதுவாகப் பயமுறுத்துவதற்கு இது இடம் தரவில்லை.

என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் சும்மா இருந்துவிட்டு இரண்டே மாதத்தில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள். முழங்காலுக்கு முன்னால் அவர்களுக்குக் கெண்டைக்காலும் குதிகாலும்தான் போகின்றன. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

வைகைக்கரை:
நன்றி அக்கா. ஆனால் எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். என் சொந்தத்தில் ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஓடு, மாத்திரையே வேண்டாம்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி நிறுத்தினார். ஓட்டமும் சில வாரங்களில் நின்றது. படுக்கையை விட்டு எழவே முடியாத நிலைக்குப் போனார். ஓட்டத்தை இப்படிப் புகழ்கிறவர்கள் இதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அதிகாலை:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் தவறுதான். நெதர்லாந்தில் 2023இல் வந்த ஆய்வு இதற்கு நேராகப் பொருந்தும். மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்த 141 பேர். சிலர் மாத்திரை, மற்றவர்கள் குழுவாக ஓட்டம், 16 வாரம். முடிவில் இரண்டு பக்கமும் சுமார் 44 சதவீதம் பேருக்கு நோய்க்குறிகள் விலகியிருந்தன. எடை, ரத்த அழுத்தம் போன்றவற்றில் ஓடியவர்கள்தான் முன்னேறியிருந்தார்கள்.

வைகைக்கரை:
அதே ஆய்வில் மாத்திரையைச் சொன்னபடி எடுத்தவர்கள் 82 சதவீதம், ஓட்டத்தைச் சொன்னபடி தொடர்ந்தவர்கள் 52 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் தாங்களே விரும்பி ஓட்டத்தைத் தேர்ந்தவர்கள், பயிற்சியாளரும் கூட இருந்தார். அப்படியும் பாதிப் பேரால் முடியவில்லை. தனியாக ஓடும் உங்களுக்கு அந்தப் பாதி கண்ணில் படாது.

அதிகாலை:
நியாயமான கேள்வி. சோர்ந்து கிடப்பவரை விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாகக் கிளப்ப முடியாதுதான். அதனால் நான் ஓட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், தூரத்தை விட்டுக்கொடுப்பேன். உங்கள் சொந்தக்காரர் மறுபடி சிகிச்சையில் இருக்கிறார், டாக்டரும் சரி என்கிறார் என்றால், முதலில் நடையோடு தொடங்கட்டும். சென்னையில் இருந்தால் சொல்லுங்கள், நானே கூட வருகிறேன்.

பிசியோ அக்கா:
இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், மொத்தம் இருபது நிமிடம். வாரம் மூன்று நாள் போதும். முதல் மாதம் கிலோமீட்டரை எண்ணவே வேண்டாம்.