வாடகை பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு, அவகாசம் கேக்க வழி உண்டா?

குளச்சல்காரி:

அண்ணன்மாரே, அக்காமாரே, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எனக்க மாப்பிள்ளை குளச்சல்ல விசைப்படகுக்குப் போறவரு. மேற்குக் கடல்ல ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடல் பக்கம் இருக்க சின்னமுட்டத்துக்காரங்களுக்கு ஏப்ரல் 15-ல தொடங்கி ஜூன் 14-ல முடிஞ்சிரும். நமக்குத்தான் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பார்த்து வலையைச் சுருட்டணும். மே மாசமும் டீசல், ஐஸ் செலவு போக வந்த பங்கு மளிகைக்கடைப் பற்றுக்கே சரியாப் போச்சு. தடைக்கால நிவாரணம் 8,000 வந்தது, மூத்தவளுக்கு பிளஸ் ஒன் ஃபீஸ் கெட்டிட்டேன். வாடகை 5,500. மே, ஜூன் பாக்கி, இப்ப ஜூலையும் ஏறுது.

ஓனர் முதல்ல போன்ல மரியாதையாத்தான் பேசினாரு. இப்ப ரெஜிஸ்டர் தபால்ல வக்கீல் நோட்டீஸ். ஒரு மாசத்துக்குள்ள முழுசும் கெட்டணுமாம், இல்லேன்னா காலி பண்ண கேஸ் போடுவாராம். ஜூலை 9-ல கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்னைக்கு சாயங்காலமே அவருக்க மகன் வாசல்ல வந்து நின்னு, கறண்டைப் பிடுங்கிருவேன்னு சத்தம் போடுதான். மாமியாருக்கு நெபுலைசர் வைக்கிற வீடு இது.

எனக்க மைனி இங்கிலாந்துல நர்ஸ். வாடகை பாக்கின்னா அங்க 60 நாளைக்கு ஒருத்தரும் கிட்ட வரப்படாது, சட்டமே இருக்குங்குதா. கொரோனா சமயத்துல இங்கயும் வாடகை கேக்கப்படாதுன்னு உத்தரவு போட்டாங்களே, அது இன்னும் உண்டா? அட்வான்ஸ் 25,000 அவரு கையிலதான் கிடக்கு. அதுல கழிக்கச் சொன்னா என்ன?

பழைய குமாஸ்தா, தக்கலை:

மகளே, கொரோனா உத்தரவை விட்டுரு. 2020 மார்ச் 29-ல மத்திய உள்துறை போட்டது. தொழிலாளிகள்கிட்ட ஒரு மாசத்துக்கு வாடகை கேக்கக் கூடாதுன்னு சொன்னது, அந்தக் காலத்தோட அது முடிஞ்சு போச்சு.

இப்ப நடப்புல இருக்கது தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமை பொறுப்புச் சட்டம், 2017. 2019 பிப்ரவரி 22 முதல் அமல். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோட போச்சு. ரெண்டு மாச பாக்கி இருந்து, நோட்டீஸ் கையில கிடைச்சு ஒரு மாசத்துக்குள்ள வட்டியோட முழுசும் கெட்டலேன்னா, 21-ம் பிரிவுல அவரு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். கெட்டிட்டா அந்தக் காரணத்தைச் சொல்லி உன்னை இறக்க முடியாது. ஆனா ஒரு தடவை இப்படித் தப்பிச்ச பிறகு, ஒரே வருஷத்துல திரும்பவும் தொடர்ந்து ரெண்டு மாசம் விட்டா இந்தச் சலுகை கிடையாது. அடுத்த தடைக்காலத்தை இப்பவே மனசுல வச்சுக்க.

உனக்கு ஆகஸ்ட் 9 வரை நேரம் இருக்கு. பாதியைக் கொடுத்துட்டு மீதிக்குத் தவணை சொன்னா சட்டத்துக்கு அது போதாது, அவரு எழுத்துல சம்மதிச்சா தவிர. பணத்தைக் கையில கொடுக்காத, அக்கவுண்டுல போடு. வாங்க மாட்டேன்னா மணியார்டர் அனுப்பு. தொடர்ந்து ரெண்டு மாசம் அதையும் திருப்பினா, வாடகை அதிகாரிகிட்ட டெபாசிட் பண்ண வழி இருக்கு. துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஆளு அவரு.

கறண்டு விஷயத்துல பயப்படாத. பாக்கி இருந்தாலும் தண்ணி, கறண்டு மாதிரி அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தப்படாதுன்னு அதே சட்டம் சொல்லுது. மகன் இன்னொரு தடவை வந்தா, பேசாம போன்ல வீடியோ எடு.

அட்வான்ஸ், ஒப்பந்தத்துல வேற எழுதாத வரை, மூணு மாச வாடகைக்கு மேல வாங்கப்படாது. உன் கணக்குல 16,500. ஆனா வீட்டை ஒப்படைக்கும்போதுதான் பாக்கி கழிச்சு திருப்பித் தரணும். இடையில கழிச்சே ஆகணும்னு நீ கட்டாயப்படுத்த முடியாது.

கருங்கல்காரன், இங்கிலாந்திலிருந்து:

மைனி சொன்னது பாதிதான். பிரீதிங் ஸ்பேஸ்னு பேரு, கடன்பட்டவங்களுக்கு மூச்சு விடக் கொடுக்கிற அவகாசம், 2021 மே 4-ல ஆரம்பிச்சது, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். நேரா நாம போய் வாங்க முடியாது, கடன் ஆலோசகர் பார்த்துத்தான் போடணும். அந்த 60 நாள் பழைய பாக்கிக்கு வட்டி, அபராதம் ஏறாது, பாக்கியைக் காட்டி காலி பண்ணச் சொல்லவும் முடியாது. ஆனா நடப்பு மாச வாடகையைக் கெட்டியே ஆகணும். 25-வது நாளுக்கும் 35-வது நாளுக்கும் நடுவுல ஆலோசகர் சரிபார்ப்பாரு, அந்த வாடகையை விட்டிருந்தா ரத்து பண்ணலாம். 12 மாசத்துல ஒரு தடவைதான். கடன் அப்படியே நிக்கும், தள்ளுபடி இல்ல. இங்க இருக்க நம்ம பிள்ளைகள்ல சில பேரு இதை வாடகை லீவுன்னு நெனச்சுட்டு இருக்காங்க.

மாடி வீடு, திங்கள்சந்தை:

ஓனர் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எனக்கும் அந்த வாடகையிலதான் வீட்டு லோன் தவணை போகுது. போன் எடுக்காம இருக்கதுதான் எங்களுக்குக் கோவம் வர்ற இடம். என் கீழ்வீட்டுல இருக்கது ரப்பர் பால்வெட்டுக்காரர், மழையில வேலை இல்லாம பாக்கி விழுந்தப்போ நேரா வந்து ஒரு தாள்ல தொகை, தேதி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், அட்வான்ஸ்ல ஒரு மாசம் கழிச்சோம். வக்கீல் ஃபீஸ் கொடுத்த பிறகு மனசு இளகுறது கஷ்டம், ஆனாலும் போய்ப் பேசுங்க. மகன்கிட்ட வேண்டாம், பெரியவர்கிட்ட.

குளச்சல்காரி:

எல்லாருக்கும் நன்றி. சர்ச்சுப் பங்குப் பேரவையில இருக்க அண்ணனைக் கூட்டிட்டு ஞாயிறு பூசை முடிஞ்சு பெரியவரைப் பார்த்தோம். தவணை வேண்டாம், முழுசும் வேணும்னுட்டாரு. கறண்டுல கை வைக்க மாட்டோம்னு மட்டும் சொன்னாரு. வளையலைக் கூட்டுறவு வங்கியில வைக்கப் போறேன். ஆகஸ்ட் 1-ல படகு இறங்கினா கணவாய் மீன் கிடைக்கும், மீட்டுரலாம். ஒண்ணு கேக்க விட்டுப் போச்சு. ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்துல பதினோரு மாசத்துக்கு எழுதினது, எங்கயும் பதிவு பண்ணல. அதுல சிக்கல் வருமா?

பழைய குமாஸ்தா, தக்கலை:

வரும். புதுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும். ஒப்பந்தம் போடாததையே காரணமாக் காட்டி காலி பண்ணக் கேக்க அதே 21-ம் பிரிவுல இடம் இருக்கு. பாக்கி கெட்டின கையோட, ஒப்பந்தம் போட்டுப் பதியலாம்னு நீயே எழுத்துல கேளு, அதுக்கு ஒரு நகல் வை. நோட்டீஸுக்குப் பதில் எழுத வக்கீலுக்குக் காசு கொடுக்காத. பெண்களுக்கு வருமானம் பார்க்காம சட்ட உதவி இலவசம். 15100-க்கு போன் பண்ணு, இல்லேன்னா நாகர்கோவில் கோர்ட்டுல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. தபால் உறையைத் தூரப் போட்டுராத, தேதி முத்திரை அதுலதான் இருக்கு.